குட்டி யானையும் ராகு காலமும்
(புதுச்சேரியில் தொழிலாளத் தோழர்களிடையே பேசியதின் சாரம்)



இங்கு கூடியிருப்பவர்களில் அநேகர் பிறர் லாரியை ஓட்டிப் பிழைப்பவர்கள். சொந்தமாக ஒரு சிறு வண்டி வாங்கி, ஊருக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு, இரவு வீட்டில் வந்து படுக்கலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். அப்பன் பார்த்த வேலையையே மகனும் பார்த்துச் சாகவேண்டும் என்று எழுதிவைத்த நாட்டில், மூட்டை சுமந்தவன் மகன் வண்டிக்குச் சொந்தக்காரனாவது சாதாரணக் காரியமல்ல. ஆனால் அவன் யார் பேச்சைக் கேட்டு வண்டி வாங்குகிறான் என்பதுதான் நமது கவலை.

2005-இல் டாட்டா கம்பெனியார் விட்ட சிறு வண்டியை நம் ஜனங்கள் குட்டி யானை என்கிறார்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் வேண்டியதில்லை. பர்மிட் இல்லையென்றால் வரியும் இல்லையென்று எண்ணிவிடாதீர்கள். நமது புதுச்சேரி மண்ணும் தமிழ்நாட்டு மண்ணும் சதுரங்கக் கட்டம்போல் கலந்து கிடக்கின்றன. விழுப்புரத்துக்கோ கடலூருக்கோ ஒரு நடை போனாலே அது வேறு ராஜ்யம், சரக்கு ரூ.50,000-க்கு மேற்பட்டால் இ-வே பில் வேண்டும். ஆகையால் போக்குவரத்து ஆபீசில் முதலில் கேளுங்கள். கார் ஓட்டும் லைசென்சு கொண்டே 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டியும் ஓட்டலாமென்று சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் ஈடில்லாமலே பாங்கிக் கடனும் கேட்கலாம்.

இவ்வளவையும் விசாரிக்க வேண்டியவன் எங்கே போகிறான்? ஜோசியனிடம் போகிறான்! ராகு காலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி. பன்னிரண்டு மணிப் பகலில் மூன்று மணி நேரம் கடையை மூடினால் கால்வாசிப் பிழைப்புப் போயிற்று. அந்த மூன்று மணிக்கு பாங்கிக்காரன் வட்டியைத் தள்ளிக் கொடுக்கிறானா? திருஷ்டிக்கு நடுரோட்டில் உடைத்த பூசணிக்காயில் சைக்கிள்காரன் சறுக்கி விழுகிறான். எலுமிச்சம்பழம் டயரடியில் நசுங்குகிறது; இன்ஷூரன்சு தவணையோ கட்டாமல் கிடக்கிறது. விபத்து நேர்ந்தால் எலுமிச்சம்பழமா நஷ்டஈடு கொடுக்கும்?

கணக்கைப் பார்ப்போம். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சரக்கேற்றிப் பண்ருட்டிக்குப் போய்த் திரும்ப வாடகை ரூ.2,000 என்று வைத்துக்கொள்வோம். டீசல் 800. மாதத் தவணை 12,500 என்றால், இருபத்தைந்து வேலை நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 500. டயர், இன்ஷூரன்சு, எப்.சி., ரிப்பேருக்கு 250 எடுத்து வைக்கவேண்டும். மிச்சம் 450. கையில் 2,000 வந்ததே என்று முதலாளியாகிவிட்டதாக நினைப்பவனுக்கு உண்மையில் கிடைத்தது 450 ரூபாய்க் கூலிதான்! நமக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர் இந்த 250-ஐ எடுத்து வைக்காமல் பூஜையும் விருந்தும் நடத்தினார். டயர் நான்கும் ஒரே மாதத்தில் தேய்ந்தன, தவணை நின்றது, வண்டியைப் பைனான்சுக்காரர் கொண்டு போய்விட்டார். ஜாதகத்தில் சனி என்றார். சனி அல்ல, டயர்.

அதே பண்ருட்டியிலிருந்து காலியாகத் திரும்பாமல் பலாப்பழமோ முந்திரியோ நமது பெரிய மார்க்கெட்டுக்கு ஏற்றி வந்தால், பாதி வாடகை கிடைத்தாலும் 1,000 ரூபாய். டீசல் சொற்பம்தான் கூடும். ஏறக்குறைய 1,400 மிஞ்சுகிறது. ஆகவே வண்டி வாங்குமுன் திரும்பும் சரக்குக்கு ஆள் பிடியுங்கள். அது கிடைக்காவிட்டால் வண்டி வாங்காதீர்கள்.

கணக்கு நோட்டை வீட்டம்மா எழுதட்டும். வண்டியும் அவர் பெயரில் இருக்கட்டுமே! ஓட்டக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. கண்ணாடியில் ஜாதிப் பெயரை எழுதுவோர், எந்த ஜாதியான் சரக்கு வேண்டாமென்பதையும் கீழே எழுதிவிடலாம்!

நோட்டும் பென்சிலும் கொண்டு வந்திருக்கும் தோழர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள். ஒவ்வொருவர் கணக்காக உட்கார்ந்து பார்ப்போம்.