மாத்திரை விலையும் ஷூ கம்பெனி சம்பளமும்

(ஆம்பூர் தெருமுனைக் கூட்டத்தில் நம் தோழர் ஆற்றிய உரை. பேச்சு நடையிலேயே தருகிறோம்.)

தோழர்களே, தாய்மார்களே, ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குக்கூடப் போகாம டிபன் கேரியரோட அப்படியே வந்து நிக்கிற தம்பி தங்கச்சிகளே.

பேரணாம்பட்டு பக்கம் ஒரு தோல் ஷாப்புல பினிஷிங்ல வேலை பார்த்த தோழர் ஒருத்தர். பேர் வேணாம், அவரே கூட்டத்துல எங்கயாவது நின்னுக்கிட்டு இருப்பார். அவருக்கு ரத்தப் புற்றுநோய். அதுல சி.எம்.எல்.னு ஒரு வகை. இமாட்டினிப்னு ஒரு மாத்திரை இருக்கு, தினம் விடாமப் போட்டா பெரும்பாலானவங்க வேலைக்குப் போய்க்கிட்டே பல வருஷம் வாழலாம். இ.எஸ்.ஐ. இருந்த வரைக்கும் மருந்து வந்துக்கிட்டு இருந்தது. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டுச்சு. ஆர்டர் நின்னுச்சு. கம்பெனி ஆளைக் குறைச்சது. அப்புறம் அவர் ஒரு கான்ட்ராக்டர்கிட்ட போனார். அங்க இ.எஸ்.ஐ. கிடையாது. மாத்திரையைக் கடையில வாங்க ஆரம்பிச்சார். காசு மிச்சம் பிடிக்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டிருக்கார். வீட்ல பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. மாத்திரையை விட்டா உடனே எங்கயும் வலிக்காது, அதான் இந்த நோயில மோசம். அடுத்த ரத்தப் பரிசோதனையில எல்லாம் ஏறிக் கிடந்தது. டாக்டர் திட்டினார்னு அவர் சொல்றப்ப, என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல தோழர்களே.

இந்த மாத்திரைக்கு ஒரு கதை இருக்கு. அந்தக் கதை நம்ம சென்னையில நடந்தது.

சுவிட்சர்லாந்து நாட்டு நோவார்டிஸ் கம்பெனி இதை கிளிவெக்னு வித்தது. மாசத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். நம்ம நாட்டுக் கம்பெனிகள் அதே மருந்தை 8,000, 10,000 ரூபாய்க்குக் கொடுத்தாங்க. 1998ல் நோவார்டிஸ் சென்னை காப்புரிமை அலுவலகத்துல மனு போட்டிருந்தது. மும்பையில இருக்கிற புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் எதிர்த்து நின்னது. 2006 ஜனவரியில மனு தள்ளுபடி. சட்டமே செல்லாதுன்னு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க, 2007 ஆகஸ்ட்ல அங்கயும் தோல்வி. கடைசியா 2013 ஏப்ரல் 1, உச்ச நீதிமன்றம் காப்புரிமை கிடையாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு.

எதை வெச்சு சொன்னாங்க? காப்புரிமைச் சட்டம், பிரிவு 3(டி). தெரிஞ்ச மருந்தையே கொஞ்சம் வடிவம் மாத்தி, குணமாக்குற திறன் கூடாம, புதுக் கண்டுபிடிப்புன்னு சொந்தம் கொண்டாட முடியாது. ஷாப்புல வேலை பார்க்குறவங்களுக்கு விளக்கவே தேவையில்ல. பழைய தோலுக்குப் புதுசா சாயம் ஏத்திட்டு இது வேற மாட்டுத் தோல்னு சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களா? 2005ல் சட்டத்தைத் திருத்தினப்போ இடதுசாரிகள் நாடாளுமன்றத்துல மல்லுக்கட்டினாங்க. அந்தப் பிரிவு அந்த வடிவத்துல வந்ததுல அதுக்குப் பங்கு உண்டு.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அந்தக் கம்பெனி நிறைய நோயாளிகளுக்கு இலவசமாவும் கொடுத்துச்சு. அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா தர்மத்துக்குக் கொடுக்குற கை நினைச்சா மூடிக்கும். விலை குறைஞ்ச மருந்து கடையில இருந்தா யார் கையையும் பார்க்க வேண்டாம்.

இன்னும் ரெண்டு இருக்கு. 2012 மார்ச்ல நெக்ஸாவர்ங்கிற புற்றுநோய் மருந்துக்கு அரசே கட்டாய உரிமம் கொடுத்தது. மாசம் 2.8 லட்சம் ரூபாய் மருந்து, 8,880 ரூபாய்க்கு வந்தது. அப்படிப்பட்ட உரிமம் இந்த நாடு கொடுத்தது அந்த ஒண்ணே ஒண்ணுதான். அப்புறம் 2025ல், தசை நலிவு வர்ற குழந்தைகளுக்கான ரிஸ்டிப்ளாம். ஒரு பாட்டில் 6 லட்சத்துக்கு மேல. ரோஷ் கம்பெனியோட வழக்கை உச்ச நீதிமன்றம் அக்டோபர்ல ஏத்துக்கல, நாட்கோ 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது.

இப்போ நம்ம ஊர் விஷயத்துக்கு வர்றேன், கொஞ்சம் கவனமா கேளுங்க. 2025 ஜூலை 24, இந்தியா–பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்துல கையெழுத்து ஆச்சு. தோல், ஷூவுக்கு 16 சதவீதம் வரைக்கும் இருந்த வரி பூஜ்யம் ஆகுது. ஆம்பூருக்கு, வாணியம்பாடிக்கு, ராணிப்பேட்டைக்கு அது நல்லது. நாங்க எதிர்க்கல. ஆனா அதே ஒப்பந்தத்துல இன்னொரு பக்கம் இருக்கு. மருந்து மக்களுக்குப் போய்ச் சேர சிறந்த வழி, கம்பெனிகள் தாங்களா விரும்பிக் கொடுக்குற உரிமம்தான்னு எழுதியிருக்காங்க. நாளைக்கு ஒரு அரசு கட்டாய உரிமம் கொடுக்கப் போனா, இந்த வரியைக் காட்டியே கையைப் பிடிப்பாங்க. ஷூவுக்கு வரி போகட்டும், சந்தோஷம். அதுக்கு விலையா ஷூ தைக்கிறவன் மாத்திரையைக் கேட்கக் கூடாது. நம்ம சண்டை அதுதான்.

இ.எஸ்.ஐ. பத்தி. தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். 2017 ஜனவரியிலிருந்து சம்பள வரம்பு அதே 21,000 ரூபாய். சூப்பர்வைசர் ஆக்கி 21,500 கொடுத்தா அந்தப் பங்களிப்புக் காலம் முடிஞ்சதும் வெளிய. சம்பளம் 500 ரூபாய் கூடுது, மருந்துச் செலவு மொத்தமும் தலையில விழுது. பதவி உயர்வு வேணாம்னு சொன்ன ஆளை எனக்கே தெரியும். அப்புறம் வீட்டுல உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவுன்னு அப்பர் தைக்கிற அக்கா தங்கச்சிங்க. அவங்க தைக்கிற ஷூ ஜெர்மனிக்குப் போகுது, அவங்க பேர் எந்த ரிஜிஸ்டர்லயும் இல்ல.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு, 5 லட்சம் வரைக்கும். நல்ல திட்டம்தான். ஆனா அது முக்கியமா ஆஸ்பத்திரியில சேர்ந்து செய்ற சிகிச்சைக்கானது. சேராம, வீட்டுல இருந்து ஆயுசு முழுக்கப் போடுற மாத்திரைக்கு என்ன பண்றது? 1994ல் மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பிச்சு, மொத்தமா மருந்து வாங்கி விலையைக் குறைக்கலாம்னு நாட்டுக்கே காட்டின மாநிலம் இது. அதே வழியில இந்த விலை கூடின மருந்துகளையும் வாங்கி அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில மாசாமாசம் கொடுக்கணும். இ.எஸ்.ஐ. வரம்பை உயர்த்தணும். வேலை போனாலும் தீராத நோயாளிக்கு மருந்து நிக்கக் கூடாது. வீட்டுல தைக்கிறவங்களைச் சேர்க்கணும். இதுதான் நாம கலெக்டர்கிட்ட கொடுக்கப் போற மனு.

அதுவரைக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். காசு இல்லைன்னு யாரும் மாத்திரையை ரகசியமா விடாதீங்க. டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க. பிராண்ட் பேர் இல்லாம மருந்தோட பேரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. முதல்வர் மருந்தகத்துலயும் மக்கள் மருந்தகத்துலயும் விலை விசாரிங்க, கடைக்குக் கடை எவ்வளவு வித்தியாசம்னு நீங்களே பார்ப்பீங்க.

மேடைக்கு இடது பக்கம் மேசை போட்டிருக்கோம். மருந்துச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, காப்பீட்டு அட்டை இருக்கிறவங்க காட்டுங்க, இல்லாதவங்களும் வாங்க. தோழர்கள் ராத்திரி பத்து மணி வரைக்கும் இருப்பாங்க. அந்தத் தோழரும் வரணும்.