கத்தரிப்பூவைக் குலுக்கத் தெரிஞ்சவங்க

மகரந்தச் சேர்க்கைன்னு சொன்னதும் நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஸ்கூல் புக்ல இருந்த அந்தப் படம்தான். தேனீ பூவுல உட்காரும், தேன் குடிக்கும், உடம்புல ஒட்டின தூளோட அடுத்த பூவுக்குப் போகும். ஆனா நம்ம வீட்டு சாம்பார்ல கிடக்கிற கத்தரிக்காய்க்கு அந்தப் படம் பொருந்தாது. இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான்.

ஒரு கத்தரிப்பூவைக் கிட்டப் பாருங்க. ஊதா இதழ், நடுவுல மஞ்சளா ஒரு கூம்பு. அந்தக் கூம்புல இருக்கிறதுதான் மகரந்தப் பைகள். பெரும்பாலான பூக்கள்ல இந்தப் பை நீளவாக்கில் வெடிச்சுத் திறந்துக்கும். யார் வந்தாலும் அள்ளிக்கலாம். கத்தரியில ஒவ்வொரு பைக்கும் நுனியில மட்டும் சின்னத் துளை. மிளகுத்தூள் டப்பா மாதிரி, குலுக்கினாத்தான் கொட்டும்.

இந்தப் பூவுல தேனும் கிடையாது. வர்ற தேனீக்குக் கிடைக்கிற ஒரே கூலி மகரந்தம். தேனீக் குஞ்சுகளுக்கு அதுதான் புரதம். ஆனா செடிக்கு விதை உருவாகவும் அதே மகரந்தம்தான் வேணும். வர்றவங்க மொத்தத்தையும் வழிச்சு எடுத்துட்டா, அடுத்த பூவுக்கு எதுவும் மிஞ்சாது. அதனால ஏடிஎம்ல லிமிட் வெச்ச மாதிரி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெளியே வரும்.

சரி, குலுக்குறது யாரு? நம்ம ஊர்ல முக்கியமா கருவண்டு. பேரு வண்டுன்னாலும் அது தேனீ இனம்தான். மரத்தைத் துளைச்சுக் கூடு கட்டுறதால தச்சுத் தேனீன்னும் சொல்வாங்க. அது கூம்பைக் கட்டிப் பிடிச்சு, றெக்கையை அடிக்காம, பறக்கிற தசையை மட்டும் இயக்கும். வண்டியை நியூட்ரல்ல போட்டு ஆக்ஸிலரேட்டர் முறுக்குற மாதிரி. நொடிக்கு நூத்துக்கணக்கான அதிர்வுகள். மகரந்தம் துளை வழியா அது வயித்துல கொட்டும். பறக்கிறப்போ வர்றதை விட கீச்சுன்னு ஒரு சத்தம் வரும். தோட்டத்துல நின்னா காதுல கேட்கும். பெட்டியில வளர்க்கிற சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை வராது.

தக்காளியும் இதே கூட்டம்தான். நம்ம ஆவாரம்பூ இன்னும் ஒரு படி மேல. அதுல சில மகரந்தத் தாள்கள் குட்டை, சிலது நீளம். குட்டையானது தேனீ சாப்பிட. நீளமானது, அது கவனிக்காத இடத்துல தூளைத் தடவி அனுப்ப. உலகத்துல சுமார் 20,000 வகைச் செடிகள் இப்படி அதிர்வை நம்பியிருக்கு.

இதுல பணமும் இருக்கு. ஐரோப்பாவில் கண்ணாடிக் கூடாரத்துல தக்காளி வளர்க்கிறாங்க. உள்ளே காத்தும் இல்லை, தேனீயும் இல்லை. ஆட்கள் அதிர்வுக் கருவியோட ஒவ்வொரு பூங்கொத்தையும் தொட்டுக்கிட்டே போகணும். 1985இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ரோலண்ட் டி யோங் என்ற கால்நடை மருத்துவர், பம்பிள் தேனீக்களை உள்ளே விட்டா அந்த வேலை தானா முடியும்னு கண்டுபிடிச்சார். சில வருஷத்துலயே அது உலகளாவிய வியாபாரம் ஆயிடுச்சு. தேனீ அட்டைப்பெட்டியில் பார்சலாப் போச்சு.

அதுக்கு ஒரு விலையும் இருந்தது. 1990களின் கடைசியில் சிலி நாடு அந்த ஐரோப்பியத் தேனீயை இறக்குமதி செய்தது. அது கூடாரத்தைத் தாண்டி, ஆண்டிஸ் மலையையும் தாண்டி அர்ஜென்டினா வரைக்கும் பரவிடுச்சு. அங்கேயே பிறந்து வளர்ந்த பெரிய ஆரஞ்சு நிறத் தேனீ, பாம்பஸ் டால்போமி, வேகமா குறைஞ்சு இன்னைக்கு அழியும் ஆபத்தில் உள்ள இனங்கள் பட்டியல்ல இருக்கு. புதுத் தேனீ கொண்டுவந்த நோய்க்கிருமிகளும் காரணமா இருக்கலாம்னு ஆய்வாளர்கள் சந்தேகப்படுறாங்க. ஆஸ்திரேலிய விவசாயிகளும் அந்தத் தேனீயைக் கேட்டாங்க. பெருநிலத்துக்குள்ள அரசு அனுமதிக்கல.

நமக்குப் பார்சல் தேவையே இல்லை மக்களே. கருவண்டு ஏற்கெனவே இங்கதான் இருக்கு. அதுக்கு வேண்டியது காய்ஞ்ச மரம், மூங்கில். நாம "சுத்தம்" பண்றோம்னு முதல்ல வெட்டி எறியறதும் அதைத்தான். கத்தரியில காய்ப்புழுவுக்கு அடிக்கிற மருந்தும், காலையில பூவுக்கு வர்ற தேனீ மேலதான் விழுது. மருந்து அடிச்சே ஆகணும்னா, தேனீ நடமாட்டம் ஓய்ஞ்ச சாயங்காலம் அடிக்கிறது பாதிப்பைக் குறைக்கும்.

மொட்டை மாடியில தக்காளி வெச்சு, பூ பூத்துப் பூத்து உதிருதுன்னு புலம்புறவங்களுக்கு ஒரு டிப். வெயில் அதிகமானாலும் பூ கொட்டும். ஆனா அதிர்வு கிடைக்காததும் ஒரு காரணம். பழைய எலக்ட்ரிக் டூத் பிரஷ்ஷைப் பூக்காம்புல ரெண்டு நொடி வைங்க. அப்படியே மாடி மூலையில ஒரு காய்ஞ்ச மூங்கில் துண்டையும் கட்டி வைங்க. கருவண்டு குடிவந்துட்டா, டூத் பிரஷ்ஷுக்கு வேலை இல்லை.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.