கூப்பிட்டால் வருவார்கள்

ஊர்க் குளத்தில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. பார்க்கிற எல்லாருக்கும் மனசு வலிக்கிறது, ஆனால் யாரும் இறங்குவதில்லை. அக்கறை இல்லாமல் இல்லை. வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

கூப்பிட வேண்டியது ஊராட்சி. தமிழ்நாட்டில் அதற்கு வழியும் இருக்கிறது. 1997-98இல் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டம் 2021இல் மறுபடியும் வந்தது. பொதுவாக, ஒரு பணிக்கான செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு போடும். தன் கையால் நூறு ரூபாய் கொடுத்தவர், அந்தக் குளத்தில் குப்பை கொட்ட விடுவாரா?

பணத்தைவிடப் பெரிது நம்பிக்கை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அங்கே வரவு செலவை ஒளிக்காமல் வாசிக்கிற தலைவர் கேட்டால், ஊர் மறுக்காது.

கேட்பதையும் தெளிவாகக் கேட்க வேண்டும். "ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை குளக்கரைக்கு வாங்க, மண்வெட்டி, கூடை, டீ எல்லாம் ஊராட்சி தரும்" என்று ஒலிபெருக்கியில் சொல்லட்டும். முதல் வாரம் பத்துப் பேர் வந்தாலும், அந்தப் பத்துப் பேரின் பெயரை அடுத்த கிராம சபையில் வாசிக்கட்டும்.