மரக்கறி விருந்து
(திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

மரக்கறி விருந்தினைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தனர். அடுக்களையில் எனக்குள்ள பயிற்சி தேங்காய் துருவுவதோடு முடிந்துவிடும். ஆயினும், விருந்தில் நான் செய்த பிழை ஒன்றுண்டு. அதனை எடுத்துரைக்கும் தகுதி எனக்கு உண்டாகலின் ஒப்பினேன்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். 'விருந்து' என்பதன் முதற்பொருள் புதுமை. புதுவதாகப் புனையும் யாப்பினையும் தொல்காப்பியர் விருந்து என்றே குறித்தார். அப்புதுமைப்பொருள் புதிதாய் வந்தவர்க்கு ஆகி, பின்னர் அவர்க்கு இடும் உணவுக்கும் ஆயிற்று. எனவே, விருந்தில் முதல்வர் வந்தவரே; உணவு அவர்க்குப் பின்னே நிற்பது. திருவள்ளுவர் அன்புடைமைக்கும் இனியவை கூறலுக்கும் இடையே விருந்தோம்பலை வைத்தார். அவ்வதிகாரத்தில் கறிகளின் எண்ணிக்கை யாண்டும் இல்லை. முகம் திரிந்து நோக்கினால் விருந்தினர் வாடுவர் என்னும் எச்சரிக்கையே உண்டு.

இனி, 'கறி'. சங்கச் செய்யுள்களில் இச்சொல் மிளகைக் குறித்தது. இன்று பல மாவட்டங்களில் கறி எனின் புலால் என்றே பொருள்கொள்கின்றனர். ஆயினும், 'காய்கறி' என்னும் சொல்லில் பழைய வழக்கு உயிரோடு இருக்கிறது. ஈழத்துத் தமிழர் மரக்கறி என்றே இன்றும் வழங்குகின்றனர். திருமால் கோயில் மடைப்பள்ளிகளிலும் மாலிய இல்லங்களிலும் சாற்றமுது, கறியமுது, திருக்கண்ணமுது என்னும் பெயர்கள் இன்றும் ஒலிக்கின்றன. நம் மிளகுதண்ணீரை ஆங்கிலர் 'மல்லிகட்டானி' எனத் தம் அகராதியில் ஏற்றிக்கொண்டனர். நாமோ 'சாறு' என்று சொல்ல நாணி 'ரசம்' என்றோம். 'சோறு' என்று சொல்ல நாணி 'சாதம்' என்றோம். இப்பொழுது அதுவும் இழிவாகி 'ரைசு' என்கிறோம். உண்ணும் சோற்றின் பெயரைச் சொல்ல நாணும் இனம் வேறெதற்குத்தான் நாணாது?

இவ்வளவும் அறிந்த நான் என் மகள் திருமணத்தில் செய்ததைக் கேளுங்கள். ஒப்பந்தச் சமையற்காரர் இருபத்துநான்கு உண்டி வகைகளுக்குப் பட்டியல் தந்தார். வடநாட்டுப் பாலடைக் குழம்பும் சீனப்பெயர் தாங்கிய பூக்கோசு வறுவலும் அதில் இருந்தன. நான் ஒன்றையும் குறைக்கவில்லை. இரண்டு இரவு விழித்திருந்து அத்தனைக்கும் தூய தமிழ்ப் பெயர் சூட்டி, பந்தியின் வாயிலில் பெரிய பலகையாக நிறுத்தினேன். அறுநூறு பேர் உண்ட அவ்விருந்துக்கு மட்டும் மூன்று இலக்கம் உருபா. அதில் பாதி கடன்.

பலகையைப் பாராட்டாதவர் இல்லை. நானும் மகிழ்ந்து நின்றேன். அப்பொழுது எழுபது அகவை கடந்த என் தமக்கையார் என் கையைப் பற்றிப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே எறியப்பட்ட இலைகள் குன்றாய்க் கிடந்தன. கடித்தும் கடியாமலும் விட்ட இனிப்புகள், தொடாத வறுவல்கள். "தம்பி, பலகையில் சோறு என்று அழகாய் எழுதியிருக்கிறாய். சோறு வருமுன்னே எல்லாரும் எழுந்து போய்விட்டார்களே!" என்றார். ஓரத்தில், விடியற்காலை முதல் காய் நறுக்கிய பெண்டிர் பிற்பகல் நான்கு மணிக்குத்தான் முதற்கவளம் உண்டுகொண்டிருந்தனர். நான் மறுமொழி சொல்ல இயலாமல் நின்றேன். பெயரை மாற்றினேனே அன்றி விருந்தை மாற்றவில்லை.

மூன்றாம் நாள் மறுவீடு. எங்கள் நெல்லைச் சீமையில் மறுவீட்டுக்குச் சொதி வைப்பது வழக்கம். "இதனை என்னிடம் விட்டுவிடு" என்றார் தமக்கையார். நாற்பது பேர்க்கு ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பாசிப்பருப்பு, பன்னிரண்டு தேங்காய். தேங்காயை நான் துருவினேன். அவர் மூன்று பால் எடுத்தார். மூன்றாம் பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் பீன்சும் பட்டாணியும் வெந்தன. பின்னர் இரண்டாம் பாலும் வெந்த பருப்பும் சேர்ந்தன. இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுது சேர்ந்தது. இறுதியில் முதற்பாலை ஊற்றி, நுரைகட்டும் நிலையிலேயே இறக்கினார். முதற்பால் கொதித்தால் திரிந்துபோகும். சூடு தணிந்த பின்னரே எலுமிச்சை பிழிந்தார். தேங்காய்ப்பால் வயிற்றுக்குச் சற்றே கனமானது. ஆகையால் துணைக்கு இஞ்சித் துவையல். அதனோடு ஒரு பொரியல், அப்பளம், சாறு, மோர், பாசிப்பருப்பும் வெல்லமும் இட்ட பாயசம். சோற்றோடு எண்ணினும் எட்டே வகை.

நுனி இடப்பக்கம் இருக்க இலை விரித்து, கறிகளை மேற்பாதியில் வைத்த உடனே கீழ்ப்பாதியில் சோறு வந்தது. "இன்னும் கொஞ்சம் இடட்டுமா?" என்று கேட்டே இட்டனர். மாப்பிள்ளையின் தந்தையார் மும்முறை சொதி வாங்கினார். இலைகளில் முருங்கைச் சக்கையும் கறிவேப்பிலையும் தவிர வேறொன்றும் எஞ்சவில்லை. அன்று பலகையும் இல்லை; கடனும் இல்லை.

இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், "உருளைக்கிழங்கும் மிளகாயும் தமிழ்நாட்டுப் பொருளோ?" என வினவினார். நல்ல வினா. 1498-இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டுக் கடற்கரையை அடைந்த பின்னரே அமெரிக்க மண்ணின் மிளகாய் நம்மிடம் வந்தது. அதற்குமுன் நமக்கு உறைப்புத் தந்தவை மிளகும் இஞ்சியும். ஆனால் நம் முன்னோர் என் செய்தனர்? பொருளை ஏற்றனர், மிளகைப்போல் உறைக்கும் காயாகலின் 'மிளகாய்' எனத் தாமே பெயரிட்டனர். உருண்ட கிழங்கை 'உருளைக்கிழங்கு' என்றனர். இறந்தோர்க்குச் செய்யும் கடனில் மட்டும் மிளகாயை விலக்கி மிளகையே சேர்க்கும் வழக்கம் பல இல்லங்களில் இன்றும் உண்டு. புதியதை ஏற்பதும் பழையதை மறவாமையும் ஒரே அடுக்களையில் நிகழ்ந்தன. நாம் இழந்தது அந்தத் தன்னம்பிக்கையையே. நம் வீட்டுச் சொதியும் நாஞ்சில்நாட்டு அவியலும், அரிசி கழுவிய நீரில் செய்யும் செட்டிநாட்டு மண்டியும் விருந்துக்குப் போதா என யார் நமக்குச் சொன்னார்?

ஆகவே, உங்களை வேண்டுவன ஐந்து. விருந்தில் பத்து வகைக்கு மேல் வேண்டா. சோற்றை முதலில் கொணருங்கள். எதனையும் கேட்டு இடுங்கள். அவ்வப்பருவத்தில் அண்டை ஊரில் விளையும் வாழைக்காய், புடலை, அவரை, பூசணி, சேனை இவற்றை வாங்குங்கள். ஐந்தாவது, இலை விரிக்குமுன் சமைத்தவர்க்கும் காய் நறுக்கியவர்க்கும் உணவு இடுங்கள். பசித்த கை பரிமாறும் விருந்து நம் வீட்டில் வேண்டா. இவற்றைச் செய்தபின் பலகை எழுதலாம். அதில் எழுத்துப்பிழை இருப்பின் திருத்தித் தர நான் வருவேன்.

என் இரண்டாம் மகளுக்கு வரும் தையில் திருமணம் உறுதியாகியுள்ளது. எட்டு வகை உணவே உண்டு. தேங்காய் துருவ ஆள் வேண்டும், வாருங்கள்.