உயிரோடு பிடித்துக் கொடுத்தவர்



ஆண்டுதோறும் அக்டோபர் 21 அன்று காவலர் வீரவணக்க நாள் கடைப்பிடிக்கிறோம். 1959-இல் அந்த நாளில்தான் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் பத்துக் காவலர்களைச் சீனப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். முதல் நாள் ரோந்து போன இரண்டு காவலர்களும் ஒரு சுமை தூக்கியும் திரும்பவில்லை. அவர்களைத் தேடிப் போன இடத்தில் நேர்ந்த சாவு அது. கூட வேலை பார்த்தவனைக் காணோம் என்றால் தேடிப் போவது அவர்களுக்கு அன்றாடக் கடமை.

இன்று சட்டப் பட்டம் பெறும் உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இன்னொரு காவலரைப் பற்றி. 2008 நவம்பர் 26 இரவு மும்பையைப் பயங்கரவாதிகள் தாக்கியபோது, கிர்காவ் சௌபாத்தியில் அவர்களில் சிலர் வந்த காரை மறித்து நின்ற காவலர்களில் உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளேயும் ஒருவர். அவர் கையில் இருந்தது லத்தி மட்டும். காரில் இருந்த பயங்கரவாதி கசாப்பின் துப்பாக்கிக் குழலை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். குண்டுகள் உடலில் பாய்ந்தும் விடவில்லை. கண்ணெதிரே அவர் சரிந்த பிறகும் மற்றவர்கள் கசாப்பைக் கொல்லவில்லை. உயிரோடு பிடித்தார்கள்.

அதனால்தான் வழக்கு நடந்தது. சாட்சிகள் கூண்டேறினார்கள். உச்ச நீதிமன்றத்தில் கசாப் தரப்பை எடுத்துரைக்க மூத்த வழக்கறிஞர் ராஜு ராமச்சந்திரன் நியமிக்கப்பட்டார். 2012-இல் தீர்ப்பு வந்தபோது, சதி எங்கே தீட்டப்பட்டது என்பதும் நீதிமன்ற ஆவணமாகியிருந்தது. ஓம்ப்ளேவுக்கு அசோக சக்கரம் வழங்கினோம், அது தகும். ஆனால் அவருக்குச் செய்த பெரிய மரியாதை அந்த விசாரணைதான் என்று நான் நம்புகிறேன்.

நாளை உங்களில் சிலர் காவல் நிலைய மரண வழக்குகளில் காவல்துறையை எதிர்த்து வாதாடுவீர்கள். தயங்காமல் வாதாடுங்கள். லாக்கப்பில் ஒருவரை அடித்துக் கொல்பவர், ஓம்ப்ளே அணிந்த காக்கிக்கே துரோகம் செய்கிறார்.

அதே அக்கறையோடு இன்னொன்றும் கேட்கிறேன். பணியில் இறந்த காவலரின் மனைவியோ மகளோ ஒருநாள் உங்கள் அலுவலகத்துக்கு வரக்கூடும். கருணை அடிப்படையிலான வேலைக்கான மனு ஏதோ ஒரு மேசையில் கிடக்கும். குடும்ப ஓய்வூதியம் ஒரு சான்றிதழுக்காக நிற்கும். அந்த வக்காலத்தை வாங்குங்கள். கட்டணம் கேட்காதீர்கள். வாய்தாவுக்கு வாய்தா அவர்களை அலையவிடாமல், முடியும்வரை நீங்களே ஆஜராகுங்கள்.