எண்ணும் மதிப்பும்



ஒரு படைப்பை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்பதே அதன் பெருமைக்கு அளவாகுமா? உயிர்வேதியியல் அறிஞர் ஆலிவர் லௌரியின் வரலாறு இவ்வினாவை எழுப்புகிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறைக்குத் தலைமை தாங்கியவர் அவர். கரைசலிலுள்ள புரதத்தை நீல நிறத்தின் செறிவுகொண்டு அளக்கும் முறையை, மூவரோடு சேர்ந்து 1951இல் கட்டுரையாக வெளியிட்டார். ஆய்வுக்கூடந்தோறும் அம்முறை பரவிற்று. கையாண்டோர் அக்கட்டுரையைச் சுட்டினர். 2014இல் கணக்கெடுத்தபோது அது 3 இலட்சம் முறைக்கு மேல் சுட்டப்பட்டு, அறிவியல் கட்டுரைகளுள் முதலிடம் பெற்றிருந்தது. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவை அறிவித்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரையோ முதல் நூற்றுள்ளும் இடம்பெறவில்லை!

காரணம் எளிது. கருவியைக் கையாள்பவர் அதன் பெயரைச் சொல்லியாக வேண்டும். பேருண்மையோ விரைவிலேயே பொதுச்சொத்தாகிவிடுகிறது. கண்டவர் பெயரைச் சொல்லாமலே அதனை எல்லோரும் ஆள்கின்றனர். பழமொழியை ஆக்கியவரை யார் சுட்டுகிறார்கள்?

அது பெருங்கட்டுரை அன்று என்பதை லௌரியே அறிந்திருந்தார். ஆயினும் அதற்குக் கிடைத்த வரவேற்பில் உள்ளூர மகிழ்ந்ததை அவர் மறைக்கவில்லை. 1996இல் மறைந்த அவ்வறிஞரின் பெரும் உழைப்போ, தனியொரு நரம்பணுவுக்குள் நிகழும் வேதிமாற்றங்களை அளப்பதில் சென்றது.

பத்தாண்டு நிறைவில் அச்சேறிய நூல்களையும் பெற்ற பரிசுகளையும் மன்றம் எண்ணிப் பார்ப்பது தவறன்று. எழுதியவர் பெயரறியாமலே எவரேனும் ஒரு வரியை நாவில் வைத்திருக்கிறாரா என்றும் கவிஞர்கள் கேட்டறிதல் வேண்டும். அந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.