முகவரியிற் சுருங்கும் அடையாளம்

தரவுத்தளத்தின் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்த அடையாளம் வேண்டும். ஒன்று, இரண்டு என வரிசையாக இலக்கமிடுவதே மிகக் குறுகிய வழி. ஆனால் இணைய முகவரியில் 417 எனக் காண்பவன் 418 என மாற்றியும் பார்ப்பான். காவலில்லாதவிடத்து, பிறனொருவனின் மருத்துவ அறிக்கை அவன் கண்முன் விரியும். எழுமாறான இலக்கமும் பூட்டாகாது. திறப்பவர் உரியவர்தாமா எனக் கணினி கேட்டேயாகவேண்டும். எனினும் அடுத்ததை ஊகித்தல் அரிதாகும்.

இதற்கென வழங்குவது யூயூஐடி என்னும் 128 பிட் இலக்கம். எழுதினாலோ இடைக்கோடுகளுடன் 36 குறிகள்! தொலைபேசியில் அதை வாசித்துக் காட்டுவார் யார்? அதன் ஒரு பகுதியை வெட்டியெறிவோரும் உளர். இரு பதிவுகள் ஒரே அடையாளம் பெறும் அபாயம் அதனால் வளரும்.

நீளத்துக்குக் காரணம், அதனைப் பதினாறே குறிகளால் எழுதுவது. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கம் 10, இடைக்கோடு, அடிக்கோடு என 64 குறிகளைக் கொண்டால், அதே இலக்கம் சற்றும் குறையாமல் 22 இடங்களில் அடங்கும். யூரியூப் காணொளிகளின் 11 எழுத்து அடையாளமும் இக்குறிகளால் ஆனதே.

பிற்கொயினின் தொடக்ககால முகவரிகளை வகுத்தோர் பூச்சியத்தையும், அதனோடு மயங்கும் பெரிய ‘ஓ’வையும், பெரிய ‘ஐ’யையும், சிறிய ‘எல்’லையும் விலக்கி 58 குறிகளோடு நின்றனர். விவேகமான செயல். அக்குறிகளால் எழுதினாலும் யூயூஐடி 22 இடங்களைத் தாண்டுவதில்லை.